இவளை வச்சுக்கிட்டு இன்னும் ஒரு வாரமா

நாளை திங்கட்கிழமை, 2025 ஜூன் 2. பள்ளிக்கூடம் திறக்கிறது. இந்த வருஷம் தேதி தள்ளிப்போகவில்லை. மே கடைசியில் மழை எட்டிப் பார்த்து வெயிலும் கொஞ்சம் இறங்கிவிட்டது. கடையில் ராத்திரி ஒன்பதரை வரைக்கும் ஆள் இருந்தது. கடைசியாக வந்தவர் ஒரு தாத்தா. பேத்திக்கு நாலு கோடு நோட்டு இரண்டும் ஒரு ரப்பரும் வாங்கினார். ரப்பரை மோந்து பார்த்துவிட்டு, "வாசம் அடிக்கிறதா குடுங்க, அதுதான் வேணும்னா" என்று மாற்றி வாங்கிக்கொண்டு போனார். ஷட்டரை இறக்கிவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வருஷமாக எழுத நினைத்து எழுதாமல் விட்டது இது.

மதுரையில் நோட்டு, பேனா, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூப்பிடு தூரத்தில் நாலு பள்ளிக்கூடங்கள். 14 வருஷமாக இதுதான் பிழைப்பு. மற்றவர்களுக்கு வருஷம் தை மாதமோ சித்திரையோ பிறக்கலாம், எங்களைப் போன்றவர்களுக்கு ஜூன் மாதம்தான் பிறக்கும். ஏப்ரல் மாதமே சிவகாசியிலிருந்து நோட்டுக் கட்டுகள் வந்து இறங்கிவிடும். முக்கால்வாசி கடன்தான். இரண்டு கோடு, நாலு கோடு, கட்டம் போட்டது, கோடு போடாதது, லாங் சைஸ் என்று அடுக்கி வைத்தால் கடைக்குள் நான் நிற்க மட்டும்தான் இடம் இருக்கும். அத்தனையும் ஜூன் முதல் இரண்டு வாரத்தில் வெளியே போனால்தான் மொத்தக் கடைக்காரருக்குப் பணம் கொடுக்க முடியும். போகவில்லையென்றால் வட்டி. நடுவில் மே மாதத்தில் பிளஸ் டூ ரிசல்ட், பத்தாவது ரிசல்ட் வரும் நாட்களில் மட்டும் பிரின்ட் அவுட் எடுக்கக் கூட்டம் இருக்கும். அப்புறம் டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் என்று ஜெராக்ஸ் ஓடும். அது அன்றாடச் செலவுக்குச் சரியாகப் போகும்.

இப்போது நிறைய தனியார் பள்ளிகள் தங்கள் பெயரை அச்சடித்த நோட்டுகளைத் தாங்களே விற்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம், நோட்டு, பை எல்லாம் அரசாங்கமே கொடுக்கிறது. இரண்டாவது என் வியாபாரத்துக்கு நஷ்டம்தான், ஆனால் அதில் எனக்கு வருத்தமே கிடையாது. அண்ணன் எழுதி முடித்த நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்து எழுதியவன் நான். பள்ளிகளே விற்பதில்தான் வருத்தம். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் தேதியை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது புரிய வேண்டும். அந்தத் தேதியை நான் ஒரு அப்பாவாக யோசித்ததே இல்லை. கடைக்காரனாகத்தான் யோசித்தேன். அப்பாவாக யோசிக்க வேண்டிய தேவை 2023 வரைக்கும் வரவில்லை, ஏனென்றால் என் அம்மா இருந்தார்.

அப்பத்தா வீடு

மேலூர் பக்கம் எங்கள் ஊர். மகள் எல்.கே.ஜி. முடித்த வருஷத்திலிருந்து ஒரே ஏற்பாடுதான். பரீட்சை முடிந்த மறுநாள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி அவளை ஊரில் விட்டுவிட்டு வந்துவிடுவேன். ஜூன் பிறந்ததும் போய்க் கூட்டிவருவேன். இடையில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை தலைகாட்டினால் பெரிது. கால்வாயில் தண்ணீர் இருக்காது, அதற்குள்தான் பயல்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். நுங்கு தின்றுவிட்டு அந்த வெற்றுக் குடுக்கையில் வண்டி செய்து ஓட்டுவார்கள். அவளைக் கூட்டிவரப் போகும்போது முழங்கையும் முழங்காலும் கருத்து, தலைமுடி செம்பட்டையாகி, பேச்சே மாறியிருக்கும். "எங்கிட்டு போற?" என்று என்னைக் கேட்பாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அம்மா அவள் தலையில் ஒரு கை எண்ணெய் வைத்து அனுப்புவார். பஸ்ஸில் வரும்போது என் சட்டையெல்லாம் எண்ணெயாகிவிடும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவள் ஒன்றாம் வகுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு என்ற ஒன்று அவளுக்கு நடக்கவே இல்லை. அந்த 19 மாதத்தில் பாதிக்கு மேல் அப்பத்தா வீட்டில்தான் இருந்தாள். இங்கே நான் கடையில் முகக்கவசமும் சானிடைசரும் விற்று வாடகை கட்டிக்கொண்டிருந்தேன். 2020 ஜூனுக்காக வாங்கி வைத்த நோட்டுக் கட்டுகளில் பாதியைக் கரையான் அரித்தது. அந்தக் கடனை அடைக்க மூன்று வருஷம் ஆனது. "பள்ளி திறப்பு தள்ளிவைப்பு" என்ற மூன்று வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசையும்.

2022 ஐப்பசியில் அம்மா போய்விட்டார். ஊர் வீட்டைப் பூட்டினோம். அம்மாச்சி திண்டுக்கல்லில் மச்சான் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரையும் எதிர்பார்க்க முடியாது. என் மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வரும். ஆக 2023 கோடை விடுமுறையில் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போவதற்கு ஓர் இடம் இல்லை. என் கடைக்கு வந்தாள்.

கடைக்குள் ஒரு கோடை

முதலில் நன்றாகத்தான் இருந்தது. மே 5 அழகர் ஆற்றில் இறங்கிய அன்று கடையைத் திறக்கவே இல்லை. விடியற்காலையிலேயே போய், கூட்டத்தில் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் கனம், இறக்கிவிடவும் மனமில்லை. "தெரியுதா?" என்று கேட்டால், "பச்சைப் பட்டுப்பா, பச்சைப் பட்டு!" என்று கத்தினாள். யாரோ பீய்ச்சிய தண்ணீரில் இருவரும் நனைந்து, ஈரத்தோடு இட்லி தின்றுவிட்டு வந்தோம். அந்த ஒரு நாள் அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் கத்திரி வெயில். கடை மேற்குப் பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் தார்ப்பாயை இறக்கிவிட்டாலும் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால், சுவருக்கும் நோட்டுக் கட்டுக்கும் நடுவில், ஒரு முக்காலி போடும் அளவுக்கு இடம். அதுதான் அவள் இடம். நாள் முழுக்க, "அப்பா, பச்சை பட்டனை நான் அமுக்கவா?", "அப்பா, இந்த ஸ்கெட்ச் பேனா டப்பாவைப் பிரிக்கவா?", "அப்பா, ஏன் பேப்பர் சூடா வருது?" கஸ்டமர் நிற்கும்போது பேசுவாள். நான் காசு எண்ணும்போது பேசுவாள். மூன்றாவது வாரத்தில் நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு "ம்" போட ஆரம்பித்தேன். நாலாவது வாரத்தில் "ம்" கூட இல்லை.

அந்த வருஷம் ஆரம்பப் பள்ளிகள் ஜூன் 5 திறக்க வேண்டியது. வெயில் காரணமாக எல்லா வகுப்புக்கும் ஜூன் 7 என்றார்கள். பிறகு ஆறாம் வகுப்பிலிருந்து மேலே ஜூன் 12, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஜூன் 14 என்று மறுபடி தள்ளிவைத்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தகரக் கூரைக்குக் கீழே அந்த வெயிலில் பிள்ளைகளை உட்கார வைக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் இரண்டாவது தடவை தள்ளிப்போன செய்தியை எதிர்க்கடை டீ மாஸ்டர் வந்து சொன்னபோது எனக்கு வெயில் ஞாபகம் வரவில்லை. கடன்தான் ஞாபகம் வந்தது. அதே நேரத்தில் மனைவி போன் செய்தார். அடுத்த வாரம் அவருக்கு முழுக்கக் காலை ஷிப்ட். "பாப்பாவை என்ன செய்றதுங்க?" என்றார்.

"இவளை வச்சுக்கிட்டு இன்னும் ஒரு வாரமா?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

மகள் முக்காலியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதனால் கேட்டிருக்காது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கேட்டிருக்குமோ என்றுகூட நினைக்கவில்லை.

மறுநாளிலிருந்து கடை அமைதியாக இருந்தது. பச்சை பட்டனை அமுக்கவா என்று அவள் கேட்கவில்லை. மதியம் தயிர்ச்சாதத்தைத் தானே எடுத்துச் சாப்பிட்டு, டப்பாவைக் கடைக்குப் பின்னாலிருக்கும் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ராத்திரி மனைவியிடமும், "இன்னைக்கு ஒரு தொந்தரவும் பண்ணல" என்று பெருமையாகச் சொன்னேன். அதைச் சொன்னபோதும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

பேப்பர் ஜாம்

இரண்டு நாள் கழித்து, காலை பத்தரை இருக்கும், மெஷினில் பேப்பர் சிக்கியது. பக்கவாட்டுக் கதவைத் திறக்க வேண்டுமென்றால் தரையில் மண்டியிட்டுக் குனிய வேண்டும். குனிந்தேன். மெஷினின் பக்கவாட்டில், முக்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில், செலோ டேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. நின்றுகொண்டிருக்கும் என் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. டோனர் கோடு விழுந்து வீணாய்ப்போன ஏதோ விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கம். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மேலே "கால அட்டவணை" என்று எழுதியிருந்தாள்.

முதல் பீரியட்: படம் வரைதல். இரண்டாவது பீரியட்: ரப்பர்களை நிற வாரியாக அடுக்குதல். மூன்றாவது பீரியட்: சும்மா இருத்தல். அப்புறம் சிவப்பு ஸ்கெட்ச்சில், இன்டர்வெல், 10 நிமிடம், அப்பாவிடம் பேசலாம். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுப் பொடி எழுத்தில், "கடையில் ஆள் இல்லை என்றால்" என்று இருந்தது. நாலாவது பீரியட்: சும்மா இருத்தல். சாப்பாடு. ஐந்தாவது பீரியட்: தூங்குதல் அல்லது சும்மா இருத்தல். இப்படியே எட்டு பீரியட். கீழே ஜூன் 14 வரைக்கும் தேதி எழுதி, முடிந்த நாட்களை அடித்திருந்தாள்.

நான் மண்டியிட்டபடியே அதைப் படித்தேன். ஒரு பையன் வந்து, "அண்ணே, ரெண்டு காப்பி" என்று ஆதார் அட்டையை நீட்டினான். மெஷின் ஓடவில்லை தம்பி, அடுத்த கடையில் பார் என்று அனுப்பிவிட்டேன். ஓடாததும் உண்மைதான். சிக்கிய தாளை இழுக்க எனக்குக் கை வரவில்லை.

அவள் அப்போது மூன்றாவது பீரியடில் இருந்தாள். முக்காலியில், கையை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தத் தாளைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எழுந்து நின்றேன். மணி 10.50 ஆனதும் அவள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இப்ப ஃப்ரீயா?" என்றாள். "ஃப்ரீதான்டா" என்றேன். முக்காலியை இழுத்துக்கொண்டு கல்லாப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். பேச நிறைய இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்பத்தா இருந்திருந்தா நான் அங்கதான இருந்திருப்பேன்? உனக்கும் கடையைப் பாக்க ஈசியா இருந்திருக்கும்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. அழவும் இல்லை. கணக்கில் ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். ஒன்பது வயதில் ஒரு பிள்ளை தன்னால் யாருக்கு எவ்வளவு சிரமம் என்று கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் என் கடன் இருக்கிறது, அவள் அம்மாவின் ஷிப்ட் இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிட்ட அப்பத்தா இருக்கிறார். அவளுக்கு மட்டும் பத்து நிமிடம், அதுவும் கடையில் ஆள் இல்லை என்றால்.

நான் இல்லையென்று சொல்லியிருக்கலாம். "நீ இருக்கறது அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு நாள் முன்னால் அவள் காது கேட்கச் சொன்ன வாக்கியம் ஒன்று இருக்கிறதே. அதை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? "அன்னைக்கு அப்பா சொன்னது தப்புடா. கடன் பயத்துல சொல்லிட்டேன். உன்னைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவள் "எது?" என்று கேட்கவில்லை. எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "சரிப்பா" என்றாள். பிறகு, "கடன்னா எவ்வளவு?" என்று கேட்டாள். தொகையைச் சொன்னேன். முதல் தடவையாக என் மகளிடம் கடையைப் பற்றிப் பேசினேன். ஏன் ஜூன் மாதம் முக்கியம், சிவகாசியில் நோட்டு எப்படி வாங்குகிறோம், விற்காமல் நின்றால் என்ன ஆகும் என்று எல்லாம் சொன்னேன். பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. கடையில் ஆளும் வந்திருந்தார். "கொஞ்சம் நில்லுங்கண்ணே" என்று அவரை நிற்க வைத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

மூலை மடிப்பு

அந்தக் கடைசி வாரம் மதியம் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை கடையைப் பூட்டினேன். எப்படியும் அந்த வெயிலில் யாரும் வர மாட்டார்கள், இருந்தும் 12 வருஷமாகத் திறந்தே வைத்துக்கொண்டு ஈ ஓட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பாயை விரித்து, அவளுடைய ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கும் நோட்டுகளுக்கும் இருவருமாக அட்டை போட்டோம். ஒரு வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் பிரவுன் ஷீட் விற்றிருப்பேன், சொந்த மகளுக்கு ஒரு அட்டை போட்டதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் மனைவிதான் போடுவார்.

எனக்கு அட்டை போடச் சொல்லிக்கொடுத்தது என் அண்ணன். ஷீட்டின் வழவழப்பான பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். புத்தகத்தை விரித்து நடுவில் வைத்து, மேலும் கீழும் இரண்டு விரற்கடை விட்டு வெட்ட வேண்டும். முதுகுக்கு நேராக மேலே ஒன்று கீழே ஒன்று கத்தரியால் சின்னதாகப் பிளந்து, அந்த நாக்கை முதுகுக்குள் செருக வேண்டும். அப்புறம் மூலை. மூலையை முதலில் முக்கோணமாக மடித்து, அதற்கு மேல் பக்கத்தை மடித்து, கட்டை விரல் நகத்தால் ஒரே இழுப்பாக இழுத்தால்தான் அட்டை வருஷம் முழுக்க நிற்கும். அவளுக்கு மூலை மட்டும் வரவே இல்லை. புஸ்ஸென்று உப்பிக்கொண்டு நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப மடித்தாள். ஆறு புத்தகம், 13 நோட்டு. மூன்று மதியம் ஆனது. அந்த மூன்று மதியமும் அவள் பேசிய பேச்சை இங்கே எழுத இடம் போதாது. அப்பத்தா வீட்டு வேப்பமரத்தில் எந்தக் கிளையில் தேன்கூடு இருந்தது என்பதிலிருந்து ஆரம்பித்து, போகாத இரண்டாம் வகுப்பில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பது வரைக்கும் சொன்னாள்.

ஜூன் 14 பள்ளிக்கூடம் திறந்தது. நான் ஏப்ரலிலிருந்து காத்துக்கொண்டிருந்த கூட்டம் வந்தது. ஒரு பக்கம் நோட்டு, ஒரு பக்கம் லேபிள், ஒரு பக்கம் ஜெராக்ஸ். பதினொரு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது என்னை அறியாமல் மெஷினுக்குப் பின்னால் திரும்பி, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். முக்காலி மேல் யாரோ நோட்டுக் கட்டை வைத்திருந்தார்கள். நான்தான் வைத்திருப்பேன். அதை எடுத்துக் கீழே வைத்தேன்.

அந்த ஜூனுக்கு அப்புறம் கடைக்கு வரும் அம்மாக்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டே, "எப்படா திறப்பாங்கன்னு இருக்குண்ணே" என்று சொல்லும்போது முன்போலச் சிரித்துத் தலையாட்ட முடியவில்லை. அவர்களைத் தப்பு சொல்லவும் முடியவில்லை. பள்ளிக்கூடம் பிள்ளைக்கு மட்டும்தான் லீவு விடுகிறது. ஆஸ்பத்திரி, கடை, பனியன் கம்பெனி எதுவும் அப்பா அம்மாவுக்கு ஒன்றரை மாதம் விடுவதில்லை. எங்கோ ஓர் அப்பத்தா, ஒரு அம்மாச்சி, ஒரு திண்ணை இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த லீவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது இல்லாத வீடுகளில் பிள்ளைகள் அலுவலக மேசைக்குக் கீழேயும், தையல் மெஷினுக்குப் பக்கத்திலும், போனைப் பார்த்துக்கொண்டு பூட்டிய வீட்டுக்குள்ளும் இருக்கிறார்கள். சம்மர் கேம்ப் அனுப்பலாம்தான், அதற்கும் காசு வேண்டும், கொண்டுபோய் விட ஆள் வேண்டும். அந்த அம்மாக்களின் பெருமூச்சு நியாயமானது. ஆனால் அவர்கள் அதைச் சொல்லும்போது நான் பிள்ளையைத்தான் பார்க்கிறேன். ரப்பர் டப்பாவைக் குடைந்துகொண்டிருக்கும். கேட்காத மாதிரிதான் இருக்கும்.

என் மகளுக்கு இப்போது 11 வயது. நாளைக்கு ஏழாம் வகுப்பு போகிறாள். இந்த லீவில் கடைக்கு வந்ததே நாலைந்து நாள்தான். தெருவில் இரண்டு சிநேகிதிகள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே பொழுது போய்விடுகிறது. போன வாரம் 20 பிரவுன் ஷீட் எடுத்து வைத்துவிட்டு மதியம் வீட்டுக்கு வருகிறேன் என்றேன். "நானே போட்டுக்கிறேன்பா, நீ கடையைப் பாரு" என்றாள். மூலையெல்லாம் கத்தி மாதிரி மடிக்கிறாள் இப்போது. அந்தக் கால அட்டவணை இன்னும் மெஷினில்தான் ஒட்டியிருக்கிறது. சிவப்பு ஸ்கெட்ச் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. சர்வீஸுக்கு வரும் தம்பி ஒரு தடவை கிழிக்கப் பார்த்தான், வேண்டாம் என்றேன்.

இன்று ராத்திரி வந்து பார்த்தால் அட்டை போட்ட புத்தகங்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. கணக்குப் புத்தகம் மட்டும் அட்டை இல்லாமல், பிரவுன் ஷீட்டும் கத்தரியும் மேலே வைத்து, தனியாக இருந்தது. பெரிய புத்தகம், ஒருவேளை ஷீட் பத்தவில்லையோ என்று அளந்து பார்த்தேன். பத்தும். அவள் படுத்துவிட்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அதுக்கு மட்டும் நீ போடுப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.